கண்ணை மூடும் லேயர்: வாசகர் கேள்வி – பதில்

விபத்து, சாவு, போர், வேலையிடத்துக் காயம் என ஏதோ ஒன்றுக்குப் பிறகு தூக்கம் கெட்டு, கோபம் கூடி, வாய் திறக்காமல் நாளைக் கடத்தும் ஆண்கள் நிறைய. அவர்களில் சிலர் செல்போனிலும் டேப்லெட்டிலும் படம் வரைந்து அந்த நாட்களைத் தாண்டுகிறார்கள். இதைப் பற்றி வந்த கடிதங்களில் எட்டுக்கு இங்கே பதில். பதில் தருபவர்கள், ஓவியவழிச் சிகிச்சையாளர் ஒருவரும் டிஜிட்டல் ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும்.

நான் லோகோ பைலட். மூன்று மாதத்துக்கு முன் இரவில் 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது ஒருவர் தண்டவாளத்தில் வந்து நின்றார். கடைசி நொடியில் திரும்பிப் பார்த்தார். அந்த முகம் தினமும் வருகிறது. மகனின் டேப்லெட்டில் அதை வரைய உட்கார்ந்தேன். கை நடுங்கி, வியர்த்து, பாதியில் எழுந்துவிட்டேன். வரைந்தால் மறக்குமா?
— வாசகர், அரக்கோணம்

மறக்காது. மறக்க வைப்பது இதன் நோக்கமும் இல்லை. இப்போது அந்த முகம் தான் நினைத்த நேரத்தில் வருகிறது. நீங்கள் நினைக்கும்போது வரவும், போகச் சொன்னால் போகவும் அது பழக வேண்டும். அதற்குத்தான் வரைதல்.

நீங்கள் செய்த தவறு ஒன்றே ஒன்று, முதல் நாளே முகத்தில் கை வைத்தது. முதல் இரண்டு வாரம் அந்த இரவின் பக்கமே போகாதீர்கள். 2000×2000 பிக்சலில் ஒரு கேன்வாஸ் திறந்து, பின்னணியை வெள்ளையாக விடாமல் சந்தன நிறமோ வெளிர் சாம்பலோ நிரப்புங்கள். வெறும் வெள்ளைத் திரை இரவில் கண்ணைக் கூசவைக்கும், பதட்டத்தையும் கூட்டும். அதில் உங்களுக்கு மனம் நிம்மதியாக இருக்கும் ஓர் இடத்தை வரையுங்கள். ஏரிக்கரையோ, டீக்கடை பெஞ்சோ, ஊர் வீட்டுத் திண்ணையோ எதுவாகவும் இருக்கலாம். இருபது நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். தொடங்கும் முன்பும் முடித்த பிறகும் உங்கள் பதட்டத்துக்கு 0 முதல் 10-க்குள் ஓர் எண் கொடுத்து, படத்தின் மூலையிலேயே எழுதிவிடுங்கள். மூன்றாவது வாரம் ஓர் உடலின் வெளிக்கோடு மட்டும் போட்டு, எங்கே இறுகுகிறது, எங்கே எரிகிறது என்று நிறம் தீட்டுங்கள். பெரும்பாலான ஆண்களுக்கு 'என்ன உணர்கிறீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. 'எங்கே வலிக்கிறது' என்று கேட்டால் வந்துவிடும்.

முடித்த பிறகான எண் தொடர்ந்து நாலைந்து நாள் 4-க்குக் கீழே இருந்தால் மட்டும் அந்த இரவுக்கு வாருங்கள். அதுவும் ஒரு மனநல நிபுணரைப் பார்க்கத் தொடங்கிய பிறகு. அதே நிம்மதியான இடத்தின் படத்தைத் திறந்து, மேலே ஒரு புது லேயர் (படத்தின்மேல் விரித்த கண்ணாடித்தாள் போன்ற தனி அடுக்கு) போடுங்கள். ஒரு மூலையில் 200 பிக்சல் அகலத்தில் சின்னச் சட்டம் ஒன்று. காட்சி அந்தச் சட்டத்துக்குள் அடங்க வேண்டும். கறுப்புக் கோடு மட்டும் போதும், சிவப்பு வேண்டாம். கோடு மங்கலாகத் தெரியும்படி லேயரின் ஒப்பாசிட்டியை 30 சதவீதத்துக்கு இறக்குங்கள். லேயர் பட்டியலில் ஒவ்வொரு லேயர் பக்கத்திலும் சின்னக் கண் படம் இருக்கும். அதைத் தொட்டால் லேயர் மறையும், மறுபடி தொட்டால் தெரியும். அந்தக் கண்ணை மூடுவதும் திறப்பதும்தான் இங்கே உண்மையான பயிற்சி. கோடு அழகாக வந்ததா இல்லையா என்பது யாருக்கும் பொருட்டல்ல. ஒவ்வொரு முறையும் அந்த லேயரின் கண்ணை மூடிவிட்டு, திண்ணையோ ஏரிக்கரையோ மட்டும் திரையில் இருக்கும்போது எழுந்திருங்கள்.

மூன்று விஷயங்கள் இதைக் கெடுக்கும். முதலாவது, ஜூம். காகிதத்தில் வரையும்போது ஒரு கண்ணுக்குள் போய் நிற்க முடியாது. திரையில் இரண்டு விரலை விரித்தால் 800 சதவீதத்தில் அந்தக் கண் மட்டும் நிற்கும். முழுப் படமும் திரையில் தெரியும் அளவிலேயே வரையுங்கள். இரண்டாவது, லேயர்களை ஒன்றாகச் சேர்த்துவிடுவது. சேர்த்த பிறகு அதைத் தனியாக மறைக்க முடியாது. மூன்றாவது, தாங்க முடியாமல் அழித்துவிடுவது. எண் 7-ஐத் தொட்டால் லேயரை மறையுங்கள், அழிக்காதீர்கள். விரட்டிய நினைவு திரும்பி வரும். மூடிவைத்தது இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். மறைத்ததும் இரண்டு காலையும் தரையில் அழுத்தி வைத்து, முகத்தில் குளிர்ந்த நீர் அடித்து, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் 'பிரேக்கை இன்னும் முன்னால் போட்டிருக்கலாமோ' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு தனிப் படம் உண்டு, முகமே இல்லாத படம். 2000 பிக்சல் நீளத்தில் ஒரு தண்டவாளக் கோடு. 2 பிக்சல் ஒரு மீட்டர், ஆக மொத்தம் ஒரு கிலோமீட்டர். அவர் ஹெட்லைட்டில் தெரிந்த தூரத்தைக் குறியுங்கள். 150 மீட்டர் என்றால் 300 பிக்சல். 110 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 5 நொடி. பிறகு, எமர்ஜென்சி பிரேக் போட்டால் உங்கள் வண்டி எங்கே நிற்கும் என்று குறியுங்கள். அந்தக் கணக்கு எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். இரண்டு குறிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கண்ணால் பாருங்கள். குற்றவுணர்ச்சியிடம் வாயால் எவ்வளவு வாதாடினாலும் அது கேட்காது. அளந்து போட்ட கோட்டைச் சில சமயம் கேட்கும்.

வீட்டிலோ ரன்னிங் ரூமிலோ வரையுங்கள், டியூட்டிக்குக் கிளம்பும் முன்பு வேண்டாம். மூன்று மாதம் ஆகியும் தினமும் வருகிறது என்கிறீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதற்கென்றே சிகிச்சைகள் இருக்கின்றன. அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சுச் சிகிச்சையையும், கண்ணை இடமும் வலமும் அசைத்தபடி நினைவை அணுகும் ஈ.எம்.டி.ஆர் என்ற முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்திருக்கிறது. வரைதல் அவற்றுக்குத் துணை, மாற்று அல்ல.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா, இல்லை சும்மா பொழுதுபோக்கா?
— வாசகர், மதுரை

நியாயமான கேள்வி. ஓவியத்துக்கு ஆதாரம் உண்டு, டிஜிட்டல் ஓவியத்துக்கென்று தனியாக இருப்பது குறைவு. அமெரிக்காவில் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தின் கிரிஜா கைமல் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் விருப்பம்போல் படைத்தார்கள். சுமார் 75 சதவீதத்தினருக்கு உமிழ்நீரில் கார்ட்டிசோல் என்ற மனஅழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. முன்பே வரையத் தெரிந்தவர்களுக்கு மட்டுமல்ல, தெரியாதவர்களுக்கும் அது குறைந்தது. ஆனால் அவர்கள் கையாண்டவை மார்க்கர், களிமண், ஒட்டுப்படம் போன்றவை. திரை அல்ல.

திரைக்கு நெருங்கி வருவது உளவியலாளர் எமிலி ஹோம்ஸின் ஆய்வு. 2009-ல் அவர் குழு, அதிர்ச்சியூட்டும் காட்சிகளைப் பார்த்தவர்களில் ஒரு பிரிவினரை அரை மணி நேரம் கழித்து, மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாட வைத்தது. அடுத்த ஒரு வாரம் அவர்களுக்கு அந்தக் காட்சிகள் திரும்ப வருவது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. கண்ணும் வடிவமும் சேர்ந்த வேலையில் மூளை மும்முரமாக இருக்கும்போது, அதே இடத்தில் காட்சி பதிய இடம் குறைகிறது என்பது விளக்கம். வார்த்தை விளையாட்டுக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. வரைவதும் கண்ணும் கையும் சேர்ந்த வேலைதான். ஆனால் டெட்ரிஸ் பற்றிய முடிவை அப்படியே ஓவியத்துக்கு எழுதிக்கொடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். என்னிடம் 4 ஜிபி ரேம் உள்ள சாதாரண ஆண்ட்ராய்டு போன்தான். என்ன வாங்க வேண்டும்?
— வாசகர், திருநெல்வேலி

முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள். ஐபிஸ் பெயின்ட் என்ற வரையும் ஆப் இலவசமாகக் கிடைக்கும். விளம்பரம் வரும், டேட்டாவை அணைத்துவிட்டு வரையுங்கள். கேன்வாஸை 2000×2000-க்கு மேல் வைத்தால் 4 ஜிபி போனில் லேயர் எண்ணிக்கை குறையும், கோடு விரலுக்குப் பின்னால் இழுக்கும். விரலே போதும். ஷிஃப்ட்டுக்கு நடுவே வண்டி நிற்கும்போது போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆணை யாரும் 'என்ன பண்றே' என்று கேட்பதில்லை. நாற்பது வயதில் தூரிகையும் வண்ணமும் எடுத்து உட்கார்ந்தால் வீடே கேட்கும். தொடங்குவதற்கு இந்த மறைவு நல்லது.

ஒரு மாதம் தாண்டியும் வரைகிறீர்கள் என்றால், திரையில்லாத பென் டேப்லெட் (போனிலோ கம்ப்யூட்டரிலோ செருகி, பேனாவால் வரையும் பலகை) ஒன்று வாங்கலாம். 6×4 அங்குல அளவு போதும். ஹுயான், எக்ஸ்பி-பென், வேக்கம் எல்லாவற்றிலும் இந்த அளவு உண்டு. பேட்டரி தேவைப்படாத பேனா உள்ளதாகவும், ஆண்ட்ராய்டில் வேலை செய்யும் என்று பெட்டியில் அச்சிட்டதாகவும் பாருங்கள். போனில் ஓ.டி.ஜி இணைப்பியோடு (யு.எஸ்.பி. கருவியைப் போனோடு சேர்க்கும் சின்ன இணைப்பி) செருக வேண்டும். செருகியதும் 'டேப்லெட்டில் பாதிதான் வேலை செய்கிறது, பழுதான சரக்கு' என்று பலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பழுதல்ல. போனின் நெட்டுத்திரைக்கு ஏற்ப டேப்லெட்டின் ஒரு பகுதி மட்டும் இயங்குவதுபோல்தான் பலவற்றைச் செய்திருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் இருந்தால் கிரிதா என்ற இலவச மென்பொருள் சிறந்தது. விண்டோஸில் பேனாவை எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனில் வந்தால், கிரிதாவின் செட்டிங்கில் டேப்லெட் பகுதிக்குப் போய் வின்டேப், விண்டோஸ் பாயின்டர் இரண்டில் இப்போது இல்லாததைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறங்கள். இந்தச் சின்னக் கோளாறைத் தாண்ட முடியாமல் அத்தோடு விட்டவர்கள் உண்டு. மனம் ஏற்கெனவே நொந்திருக்கும்போது கருவியும் முரண்டு பிடித்தால் யாருக்கும் பொறுமை இருக்காது.

என்ரை கணவருக்கு இறுதி யுத்தத்தில் நடந்தது எதையும் அவர் சொல்லுறதில்லை. ஒரு வருசமா இரவிலை டேப்பிலை படம் கீறுறார். எப்பவும் ஒரே படம், ஒரு பதுங்குகுழி வாசல். விடிய மூண்டு மணி மட்டும் இருக்கிறார். இது நல்லதோ?
— வாசகி, கிளிநொச்சி

அவர் கீறுவது நல்லது. கீறும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரே படம் திரும்பத் திரும்ப வந்தாலும், மெல்ல மெல்ல ஏதாவது மாறினால் மனம் வேலை செய்கிறது என்று பொருள். வாசலில் ஒரு வெளிச்சம் கூடும், ஒரு மரம் வரும், பார்க்கும் இடம் தள்ளிப் போகும். ஒரு வருடமாக ஒரு கோடும் மாறாமல், கீறி முடித்ததும் அதிகம் குடிப்பதோ, தூக்கம் முன்னைவிடக் குறைவதோ, பிள்ளைகள்மேல் சீறுவதோ இருந்தால் அது காயத்தைக் கிளறுவது. அப்போது தனியே விடக் கூடாது.

டேப்பை எடுத்துத் திறந்து பார்க்காதீர்கள். 'இது எந்த இடம், ஆர் இருக்கினம்' என்று கேட்காதீர்கள். 'இண்டைக்குக் கீறினதைக் காட்டுவியளோ?' என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் அதோடு விடுங்கள், நாலு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். காட்டினால், படத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்: 'இந்த நீலம் புதுசு.' நேரத்தையும் மாற்றச் சொல்லிப் பாருங்கள், இரவு அல்ல, பின்னேரம் ஐந்து மணிக்கு, அரை மணி நேரம். பக்கத்தில் நீங்கள் காய் நறுக்கிக்கொண்டு இருந்தாலே போதும். அவர் தனியே இல்லை என்று உடம்புக்குத் தெரிய வேண்டும்.

'நான் இல்லாட்டில் உங்களுக்கு நிம்மதி' என்பதுபோல் ஏதாவது சொன்னாலோ, அப்படிப் படத்தில் வந்தாலோ, சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பவர் பிரஸ்ஸில் வலது கையில் இரண்டு விரல் போனது. கனவில் மெஷின் இறங்குகிறது, கத்திக்கொண்டு எழுகிறேன். இடது கையால் வரையப் பார்க்கிறேன், கோடு கோணலாகிறது.
— வாசகர், ஓசூர்

கோடு கோணுவதைக் குறைப்பது சுலபம். வரையும் ஆப்பில் ஸ்டெபிலைசர் என்று இருக்கும். அதைப் பாதிக்கு மேல் ஏற்றுங்கள், நடுக்கம் வடிகட்டப்படும். ஒரேயடியாக உச்சத்தில் வைத்தால் கோடு விரலைவிட்டு வெகு பின்னால் வரும், எரிச்சல்தான் மிஞ்சும். கையைத் திருப்பாமல் கேன்வாஸைத் திருப்புங்கள். மணிக்கட்டு நகராமல் முழங்கையிலிருந்து கோடு இழுங்கள். காயம்பட்ட கையில் பேனா பிடிக்க நினைத்தால் பேனாவைச் சைக்கிள் ஹாண்டில் கிரிப்பில் செருகித் தடிமனாக்கலாம். ஆனால் தையலும் வீக்கமும் ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகுதான். இல்லாத விரலில் வலி வந்தால் அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது. நம்மூர்க்காரரான நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கொண்டுவந்த கண்ணாடிப் பெட்டி முறையைப் பற்றி பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.

கனவுக்கு ஒரு முறை உண்டு. விழித்திருக்கும்போது கனவை மாற்றி எழுதி, மாற்றியதை மனதில் ஓட்டிப் பழகுவது. பேரி கிராகோ என்ற அமெரிக்க மருத்துவர் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இதைச் செய்து, கெட்ட கனவு குறைந்ததை 2001-ல் வெளியிட்டார். எழுத வராதவர்கள் வரையலாம். ஒரு கேன்வாஸை நாலு கட்டமாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் கனவின் தொடக்கம், அதாவது கெட்டது நடப்பதற்கு முன்பு. இரண்டாவதில் நீங்கள் விரும்பும் எந்த மாற்றமும் வரலாம். மெஷின் மாவு பிசையும் இயந்திரமாக ஆகலாம், கரண்ட் போகலாம், நீங்கள் கதவைத் திறந்து வெளியே போகலாம். மூன்றாவதும் நான்காவதும் அதன் தொடர்ச்சி. நம்பும்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இங்கே பெரும்பாலோர் சறுக்கும் இடம்: பிரஸ் கனவையே முதலில் எடுப்பது. எடுக்காதீர்கள். ஷிஃப்ட் பஸ்ஸைத் தவறவிடுவது போன்ற சின்னக் கெட்ட கனவு ஒன்றில் முதல் வாரம் பழகுங்கள். பகலில் வரையுங்கள். வரைந்த நாலு கட்டத்தையும் தினமும் 10 நிமிடம் பார்த்து, கண்ணை மூடி மனதில் ஓட்டுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு கனவுதான்.

நடந்ததை ஏ.ஐ.-யிடம் சொன்னால் படமாகத் தருகிறதே. வரையத் தெரியாத எனக்கு அது வசதிதானே?
— வாசகர், கோவை

அந்த நிகழ்ச்சியின் படத்துக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் நினைவில் இருப்பது அரைகுறையாக இருக்கலாம், அது இயல்பு. ஏ.ஐ. அந்த இடைவெளிகளை எல்லாம் தானே நிரப்பி, உங்கள் நினைவில் இல்லாத ரத்தத்தையும் முகபாவத்தையும் கூர்மையாகக் காட்டும். காட்டியது உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். 2002-ல் கிம்பர்லி வேட் குழுவினர் 20 பேருக்கு, சிறுவயதில் அவர்கள் வெப்பக்காற்று பலூனில் போனதாக ஒட்டுவேலை செய்த புகைப்படத்தைக் காட்டி மூன்று முறை பேட்டி எடுத்தார்கள். அப்படி ஒரு பயணம் நடக்கவே இல்லை. முடிவில் பாதிப்பேர் அதை முழுதாகவோ பகுதியாகவோ 'நினைவுகூர்ந்தார்கள்'. விபத்து வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியிருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, வரைவதில் பலன் தருவது கை நகரும் அந்த இருபது நிமிடம். அதைத்தான் ஏ.ஐ. உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. நிம்மதியான இடத்துக்கு மாதிரிப் படம் ஒன்று வேண்டுமென்றால் கேட்டு வாங்கி, அதைப் பார்த்து நீங்கள் வரையுங்கள். அதில் கெடுதல் இல்லை.

வரைந்ததை இன்ஸ்டாகிராமில் போடலாமா? வீட்டில் எல்லோரும் என் போனை எடுப்பார்கள், அதுவும் யோசனையாக இருக்கிறது.
— வாசகர், சிங்கப்பூர்

ஒரு மாதம் ஆறப் போடுங்கள். அதன் பிறகும், 'யாருமே லைக் போடாவிட்டால் இன்றிரவு எப்படி இருப்பேன்' என்று கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். படத்தில் வேறொருவர் இறந்த காட்சி இருந்தால் போடவே வேண்டாம். அவர் வீட்டாரும் அதே இன்ஸ்டாகிராமில்தான் இருக்கிறார்கள்.

போன் விஷயம் இதைவிட முக்கியம். படத்தை கேலரியில் சேமித்தால், பேக்கப் இயங்கும் போனில் கூகுள் போட்டோஸ் அதை ஏற்றிவைத்து, அடுத்த வருடம் அதே தேதியில் 'நினைவுகள்' என்று முகத்துக்கு நேரே நீட்டக்கூடும். விபத்து நடந்த தேதியாகவும் அது இருக்கலாம். கேலரிக்கு அனுப்பாமல் ஆப்புக்குள்ளேயே வையுங்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் கூகுள் போட்டோஸில் பூட்டிய கோப்புறைக்கு மாற்றுங்கள். அதில் உள்ளவை நினைவுகளில் வராது. ஐபேடில் ப்ரோகிரியேட் என்ற வரையும் ஆப் வைத்திருந்தால், நீங்கள் போடும் ஒவ்வொரு கோட்டையும் அது வீடியோவாகப் பதிகிறது. ஸ்பேனர் படத்தைத் தொட்டு, வீடியோ பகுதியில் டைம்லாப்ஸ் பதிவை அணையுங்கள்.

எனக்கு 58 வயது. ஒரு கோடு நேராக வராது. நான் எங்கே தொடங்குவது?
— வாசகர், தஞ்சாவூர்

இன்று மாலை, ஒரே பிரஷ், ஒரே நிறம். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கோடு மேலே, விடும்போது கீழே. திரை நிரம்பும்வரை. போட்ட கோட்டைத் திரும்ப எடுக்கும் அன்டூ பொத்தானைத் தொடாதீர்கள். நிரம்பியதும் மூலையில் உங்கள் பதட்டத்தின் எண்ணை (0 முதல் 10-க்குள்) எழுதி மூடிவிடுங்கள். நாளைக்கு வேறு நிறம்.